கற்றது: இல்லை

எங்கள் தொழிற்சாலையில் அவளை ‘டைரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். வருகைப் பதிவேட்டில் ஓராண்டு முழுக்க அதைப் பார்த்திருக்கிறேன். இங்கே எழுதப்போவதில்லை. அவள் இன்னமும் இந்தப் பக்கத்தில்தான் எங்கோ வேலைக்குப் போய்வருகிறாள். பெயர் வெளியே வந்தால் அதனால் அவளுக்கு நன்மை எதுவும் வராது.

குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே திரும்பிப் போனால் இருந்தது எங்கள் கம்பெனி. கார்க் கதவுகளுக்குக் கீல் செய்வார்கள். நான் டைம் ஆபீஸ் எழுத்தர். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார், எந்த நாள் விடுமுறை, எந்த நாள் மின்வெட்டு என்று பதிந்துவைப்பது வேலை. வீட்டிலும் அதே புத்திதான். செம்பாக்கம் ஏரி எந்தெந்த நாளில் நிரம்பி வழிந்தது, எங்கள் தெருவுக்குத் தார் எப்போது போட்டார்கள், ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் முதல் சிக்னல் விளக்கு எந்தக் கிழமை எரிந்தது என்றெல்லாம் நோட்டுகளில் எழுதிவைத்திருக்கிறேன். ஊர்ச் செய்தி எழுதும் நண்பர்கள் யாராவது தேதியைத் தப்பாகப் போட்டால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. கடிதம் எழுதித் திருத்திய பிறகுதான் மனசு ஆறும்.

ஒரு ஜூன் மாதத்து முதல் திங்கட்கிழமை அவள் வந்தாள். அந்த ஆண்டு வந்த பயிலுநர்களில் அவள்தான் மூத்தவள். மற்றவர்கள் ஐ.டி.ஐ. முடித்த சூட்டோடு வந்தவர்கள். அவள் முடித்துவிட்டுச் சில ஆண்டுகள் குரோம்பேட்டைத் துணிக்கடையில் நின்றிருக்கிறாள். அதனால் சின்னவர்கள் அவளை ‘அக்கா’ என்றார்கள்.

பயிலுநர் திட்டம் என்பது காகிதத்தில் அழகான ஏற்பாடு. ஐ.டி.ஐ. படித்தவரைக் கம்பெனி ஓராண்டு சேர்த்துக்கொள்ள வேண்டும். வேலையும் கொடுத்து, தொழிலும் சொல்லிக்கொடுத்து, மாதாமாதம் உதவித்தொகையும் தர வேண்டும். அதில் ஒரு பங்கை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளும். முடிவில் ஒரு தேர்வு, தேறினால் சான்றிதழ். அதுவரை சட்டத்தின் கண்ணில் அவர்கள் தொழிலாளர்கள் அல்ல, பயில்பவர்கள். அடையாள அட்டையிலேயே அது தெரியும். நிரந்தரத் தொழிலாளிக்குக் கழுத்தில் நீலக் கயிறு, ஒப்பந்தக்காரருக்குச் சிவப்பு, அப்ரண்டிசுக்கு மஞ்சள்.

முதல் நாள் அட்டையை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள் தகடு வெட்டும் பிரஸ் ஷாப்புக்குள் நுழைந்தபோது, அங்கே இருந்த பழைய ஆபரேட்டர் ஒருவர் குரல் கொடுத்தார்: “இன்னாம்மா, வந்தன்னிக்கே மஞ்ச கயிறு ஏறிடுச்சு! மாப்ள எங்க?”

“கம்பெனிதான்ணா மாப்ள,” என்றாள் அவள். “ஒரே வருசம். அப்பால தள்ளி வெச்சிடும்.”

ஷாப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. எதையும் அவள் வேடிக்கைக்காகச் சொன்னதில்லை என்பது எங்களுக்குப் போகப்போகத்தான் புரிந்தது.

‘டைரி’ என்ற பெயர் வந்த கதை இது. ஒவ்வொரு பயிலுநருக்கும் ஒரு பதிவுப் புத்தகம் தருவார்கள். வாரத்துக்கு ஒரு பக்கம். நாள், செய்த வேலை, பயன்படுத்திய இயந்திரம், கற்றது, கடைசியில் ‘கற்பித்தவர் கையொப்பம்’ என்று ஒரு கட்டம். வருடம் முழுவதும் அதை யாரும் தொடுவதில்லை. கடைசி வாரம் கேண்டீனில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, போன வருடத்துப் பையன்கள் விட்டுப்போன ஜெராக்ஸைப் பார்த்து ஐம்பத்திரண்டு வாரத்தையும் எழுதி முடிப்பார்கள். போன வருடத்தவர்கள் அதற்கு முந்தின வருடத்தவர்களைப் பார்த்து எழுதியிருப்பார்கள். பயிற்சிக்குப் பொறுப்பான சூப்பர்வைசர் ஒரு டீ ஆறுவதற்குள் அத்தனையிலும் கையெழுத்துப் போட்டுவிடுவார். அந்த ஜெராக்ஸில் ஆயுத பூஜை அன்றுகூட லேத் ஓடும், தீபாவளியன்று மில்லிங் நடக்கும். யார் படித்துப் பார்க்கப்போகிறார்கள்?

இவள் முதல் சனிக்கிழமையே எழுதினாள். அதை என் மேசையில் கொண்டுவந்து வைத்து, தேதி சரியா என்று மட்டும் பார்க்கச் சொன்னாள். நான் படித்தேன்.

“பிரஸ் எண் 4. கீல் தகடு. காலை முதல் மாலை வரை. கற்றது: இரண்டு பச்சைப் பொத்தான்களையும் இரண்டு கைகளால் ஒன்றாக அழுத்த வேண்டும்.”

இரண்டாம் வாரம்: “பிரஸ் எண் 4. கீல் தகடு. கற்றது: சென்ற வாரம் கற்றது.”

மூன்றாம் வாரம்: “பிரஸ் எண் 4. கற்றது: இல்லை.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். “இப்படி எழுதலாமாம்மா?”

“நடந்தா எழுதறேன் சார்.”

“நடக்கலன்னா?”

“நடக்கலன்னு எழுதறேன்.”

இந்த நான்கு வரிப் பேச்சு எங்களுக்குள் அந்த வருடம் பல முறை நடந்தது. ஒரு முறைகூட அவள் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னதில்லை.

சேர்க்கை ஒப்பந்தத்தோடு ஒரு பயிற்சி அட்டவணையும் உண்டு. இத்தனை வாரம் லேத், இத்தனை வாரம் மில்லிங், இத்தனை வாரம் சாணை, பிறகு அளவுக் கருவிகள் என்று. அவள் அதைப் பிரதி எடுத்து மடித்து அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்திருந்தாள். ஒவ்வொரு மாதமும் முதல் வேலை நாளில் சூப்பர்வைசரிடம் போய் நிற்பாள்.

“சார், இந்த மாசம் மில்லிங் போட்டிருக்கு.”

“போடறேம்மா. டிஸ்பாட்ச் டைட்டா இருக்கு. இந்த மாசம் போகட்டும்.”

“போன மாசமும் அதான் சொன்னீங்க.”

“உன்னை எடுத்துட்டா நாலாம் நம்பர்ல யாரம்மா உக்கார வைக்கிறது? நானா உக்கார்றது?”

அவர் கெட்ட மனிதர் அல்ல. மேலே இருந்து அவரை அழுத்தினார்கள், அவர் கீழே அழுத்தினார். அவ்வளவுதான். அவள் திரும்பிப் போய் நாலாம் நம்பரில் உட்காருவாள். அந்த வாரப் பக்கத்தில் எழுதுவாள்: “மில்லிங் கேட்டேன். டிஸ்பாட்ச் என்றார்கள். பிரஸ் எண் 4. கற்றது: இல்லை.”

கார்த்திகை மழையில் ஒரு வியாழக்கிழமை மதியம் மின்சாரம் போய்விட்டது. பிரஸ்கள் நின்றன. எல்லோரும் கேண்டீனுக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் டூல் ரூமுக்குப் போய் லேத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் எழுதியது எனக்கு மனப்பாடம்: “லேத்தைப் பார்த்தேன். கற்றது: லேத்தின் நிறம் பச்சை.”

பயிலுநர்களைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். தை மாதம், பொங்கல் கழிந்த இரண்டாவது புதன்கிழமை. அவர் கேட்டுக்குள் நுழைவதற்குக் கால் மணி முன்னால் அப்ரண்டிஸ்கள் அத்தனை பேரையும் பிரஸ்ஸிலிருந்து எழுப்பி டூல் ரூமில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். லேத்துக்கு இரண்டு பேர், மில்லிங்குக்கு இரண்டு பேர். கல்யாண வீட்டில் போட்டோவுக்கு நிற்பதுபோல நின்றார்கள்.

“எல்லாரும் நல்லா கத்துக்கறீங்களா?” என்றார் அதிகாரி.

“யெஸ் சார்!”

இவள் மட்டும் டைரியை நீட்டினாள். சூப்பர்வைசருக்கு முகம் வெளிறியது. அதிகாரி முதல் பக்கத்தைத் திருப்பினார். போட்டோ ஒட்டியிருக்கிறதா, முத்திரை இருக்கிறதா என்று பார்த்தார். உள்ளே ஒரு பக்கத்தைக் கண்ணால் ஓட்டினார்.

“ஹேண்ட்ரைட்டிங் ரொம்ப நல்லா இருக்கும்மா,” என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஷாப்பில் பல நாள் இதே பேச்சுத்தான். “டைரி, உன் கையெழுத்துக்கு கவர்மென்டே சர்ட்டிபிகேட் குட்த்துட்ச்சு. அப்பறம் இன்னாத்துக்கு பரீட்ச?” அவள் அன்றைக்கு எழுதினாள்: “லேத் அருகே நின்றேன். பதினோரு மணி முதல் பதினொன்றரை வரை. அதிகாரி போனார். பிரஸ் எண் 4.”

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவளுடைய அம்மா ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் மீன் விற்பவர். கடற்கரைக் குப்பத்திலிருந்து வந்து செம்பாக்கத்தில் ஏரிக்கரைப் பக்கம் வாடகைக்கு இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவரிடம்தான் நான் மீன் வாங்குவேன். கூடையில் கை வைத்ததும் சொல்வார்: “அத்த தொடாத சார். நேத்து மீனு அது.”

“நேத்து மீனை ஏம்மா கொண்டுவந்தே?”

“வாங்கறவன் வாங்குவான். நேத்துதுன்னு சொல்லித்தான் குடுப்பேன். நீ கேக்காமலே சொல்றேன் பாரு, அதான் யாவாரம்.”

பக்கத்துக் கடைக்காரி தலையில் அடித்துக்கொள்வாள். “இந்த அம்மா வாய வெச்சிகினு யாவாரம் பண்ணா மாதிரிதான்.”

அந்த அம்மாவிடமிருந்துதான் மகளுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். ரயில்வே. பயிற்சி முடித்த சான்றிதழ் உள்ளவர்களுக்கு அங்கே ஓர் ஒதுக்கீடு உண்டு. அதற்கு வயது வரம்பும் உண்டு. டைரியின் பின்னட்டை உள்பக்கத்தில் அவள் தன் பிறந்த தேதியையும் அந்த வரம்பு முடியும் நாளையும் எழுதி நடுவில் ஒரு கோடு போட்டிருந்தாள். நான் இரண்டு தடவை கூட்டிக் கழித்துப் பார்த்தேன். அந்த வருடத் தேர்வு ஒன்றுதான் அவளுக்கு. அது தவறினால் அடுத்த தேர்வு முடிவு வருவதற்குள் வயது தாண்டிவிடும்.

ஆண்டு முடிகிற சமயத்தில் மற்றவர்கள் கேண்டீனில் ஜெராக்ஸைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவள் தன் டைரியைக் கொண்டுபோய்ச் சூப்பர்வைசரிடம் வைத்தாள். கையெழுத்திட்ட டைரி இல்லாமல் தேர்வுக்கு அனுமதிச் சீட்டு வராது.

அவர் நான்கு பக்கம் படித்தார். பிறகு மூடினார். “இதுல நான் கையெழுத்து போட்டா நாளைக்கு எனக்கு இங்க வேலை இருக்காதும்மா. புது புக் தரேன். எல்லாரும் எழுதற மாதிரி எழுதிக் கொண்டா, கண்ண மூடிக்கிட்டு போடறேன்.”

அவள் புதுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். எதிரே உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள். முதல் பக்கத்தில் தேதி போட்டாள். அதற்குமேல் கை நகரவில்லை. மதிய உணவு நேரம் முழுவதும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“என்னால முடியல சார். கை வரல.”

“உன் வயசு வரம்பு நினைவிருக்கா?”

“கீது சார்.”

“அப்புறம்?”

“கை வரலியே சார்.”

அன்றைக்கு நான் சொன்ன வார்த்தையை இன்றுவரை திருப்பி எடுக்க முடியவில்லை. “என்கிட்ட குடு. நான் எழுதறேன்.”

அடுத்தடுத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் காலை முதல் மாலை வரை என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதினேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை ஒழுங்காகப் பதிவதுதான். அதை ஒழுங்காகச் செய்தேன். கம்பெனியின் விடுமுறைப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஆயுத பூஜை அன்று எந்த இயந்திரமும் ஓடவில்லை. மின்வெட்டு நாட்களில் அளவுக் கருவிகளைத் துடைத்ததாக எழுதினேன். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று அவள் விடுப்பு எடுத்த மூன்று நாளும் விடுப்பாகவே இருந்தன. தாம்பரத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் தொழிற்கல்விப் பாடநூல்கள் இரண்டு வாங்கி, பயிற்சி அட்டவணையோடு ஒப்பிட்டு, லேத்திலிருந்து மில்லிங், மில்லிங்கிலிருந்து சாணை என்று வாரம் வாரமாக அவளை நடத்திக்கொண்டு போனேன். நடுநடுவே சிறு தவறுகளையும் வைத்தேன். ஒரு வாரம் அவள் அளவை ஒரு கோடு தப்பாக எடுத்தாள். அடுத்த வாரம் திருத்திக்கொண்டாள். அவளுடைய நிமிர்ந்த எழுத்து எனக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. அதே எழுத்தில் எழுதினேன்.

எழுதி முடித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஏரி நிரம்பிய நாட்களை எழுதிய நோட்டில்கூட அவ்வளவு கவனம் இல்லை.

திங்கட்கிழமை அவளிடம் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

“ஒரு தடவை படிச்சுப் பாரும்மா.”

“வேணாம் சார்.”

“தேர்வுல கேட்டா?”

“கேட்டா எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். இத்த படிச்சா, நடக்காதது நடந்த மாதிரி மனசுல ஒக்காந்துக்கும் சார்.”

பக்கத்தின் மேல்பகுதியை இடது கையால் மூடிக்கொண்டு, அடியில் மட்டும் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனாள். ஐம்பத்திரண்டு முறை. நான் வற்புறுத்தியிருக்க வேண்டும். பரீட்சைக்குப் போகிறவள் தன் டைரியைப் படிக்காமல் போகக் கூடாது என்று எந்தச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அவள் பக்கத்தைக் கையால் மூடியிருந்த விதத்தைப் பார்த்த பிறகு விட்டுவிட்டேன்.

சூப்பர்வைசர் இதை மட்டும் உட்கார்ந்து படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஏன் சார், நம்ம கம்பெனில இவ்ளோ நல்லாவா ட்ரெய்னிங் குடுக்கறோம்?” கையெழுத்துப் போட்டார்.

தேர்வு ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. நான் அங்கே இல்லை. திங்கட்கிழமை காலை, அவளோடு தேர்வு எழுதிய குரோம்பேட்டைப் பையன் டைம் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்று சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

“எங்க டைரியெல்லாம் எக்ஸாமினர் தொறக்கவே இல்ல சார். கட்டா வாங்கி ஓரமா வெச்சிட்டாரு. எல்லாருக்கும் ஃபைல் ஜாப். ஒரு தகட்டை அராவி சதுரமா குடுக்கணும், அவ்ளோதான். அக்கா அதுல கில்லி சார், ஐ.டி.ஐ.லயே. அக்காதான் கடைசி. அக்கா டைரியும் அப்டியே போயிருக்கணும். அவர் சும்மா ஒரு பக்கம் திருப்புனாரு. அப்பறம் சேரை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு சார்.”

“படிச்சாரா?”

“அரை மணி நேரம். ஆயுத பூஜை பக்கத்தை எடுத்துப் பாத்தாரு. லீவுன்னு இருந்துச்சு. சிரிச்சாரு. ‘எத்தனை வருஷமா பாக்கறேன், இப்பதாம்மா ஒரு நிஜ டைரி பாக்கறேன்’னாரு. அவருக்கு அவ்ளோ சந்தோஷம். ‘உனக்கு எதுக்கும்மா ஃபைல் ஜாப்? வா, நீ எழுதினதையே செஞ்சு காட்டு, முழு மார்க் போடறேன்’னு சாணை மெஷின் கிட்ட கூட்டிகினு போனாரு.”

அவன் சொல்லிக்கொண்டே இருந்தான்.

சாணைச் சக்கரங்கள் இரண்டை மேசையில் வைத்தாராம். ஒன்றில் கண்ணுக்குத் தெரியாத விரிசல். தட்டிப் பார்த்து நல்லது எது என்று சொல்லச் சொன்னாராம். அவள் தட்டினாள். சந்தைக்குப் போய் மண்சட்டியைத் தட்டிப் பார்த்து வாங்கியவர்கள் எல்லோருக்கும் அந்த ஓசை தெரியும். சரியாகச் சொல்லிவிட்டாள். அவர் இன்னும் மகிழ்ந்துபோனார். “பாத்தியா! இப்ப இதை மாட்டு.” சக்கரத்தை இயந்திரத்தில் பூட்டும்போது இரண்டு பக்கமும் ஒரு காகித வட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இறுக்கும்போது சக்கரத்தில் விரிசல் விடலாம், ஓடும்போது சிதறிவிடலாம். பதினேழாம் வாரத்தில் நான் அதை விளக்கமாக எழுதியிருந்தேன். ஏன் வைக்க வேண்டும் என்பதையும்.

அவள் வட்டு வைக்காமல் மாட்டினாள். சுவிட்சில் கை வைத்தாள். அவர் ஓடிவந்து அவள் கையைத் தட்டிவிட்டார்.

“யாரும்மா இந்த டைரி எழுதிக் குடுத்தது?”

“நான்தான் சார் எழுதினேன்.”

“பதினேழாவது வாரம் என்ன எழுதினே, சொல்லு.”

“மறந்துட்டேன் சார்.”

“எழுதினவளுக்கு எப்படிம்மா மறக்கும்? யார் எழுதினதுன்னு உண்மையைச் சொல்லு.”

“நான்தான் சார்.”

“மூணு தடவை கேட்டாரு சார்,” என்றான் பையன். “மூணு தடவையும் அக்கா அதையேதான் சொல்லுச்சு. அவருக்கு கண்ணெல்லாம் செவந்துடுச்சு. ‘சொல்லிக் குடுக்கல சார், தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஃபைல் ஜாப் குடுத்து பாஸ் போட்டிருப்பேனே. எதிர்ல நின்னு பொய் சொல்றியே’ன்னாரு. அக்கா தரையையே பாத்துகினு நின்னுச்சு சார்.”

“ஏம்ப்பா, வேற யாரோ எழுதினதுன்னு சொல்ல வேண்டியதுதானே?”

பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். “சொன்னா உங்க பேரைக் கேப்பாங்களே சார்.”

முடிவு வந்தபோது அந்த ஆண்டுப் பயிலுநர்களில் செய்முறைத் தேர்வில் தவறியது அவள் ஒருத்திதான். லேத்தின் பக்கமே போகாத மற்றவர்கள் எல்லோரும் தேறினார்கள்.

அதற்குப் பிறகு நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பைத் தவிர்த்து, வேறு இடத்தில் மீன் வாங்கினேன். பல மாதம் கழித்து, அதே சந்திப்பில் பஸ்ஸுக்கு நின்றபோது அவளுடைய அம்மாவே என்னைப் பார்த்துவிட்டார்.

“இன்னா சார், இந்தப் பக்கமே காணோம்?”

“உடம்பு சரியில்லம்மா. பொண்ணு எப்படி இருக்கு?”

“கீது. புச்சா ஒரு கம்பெனி, ஒரகடம் பக்கத்துல. கார்த்தால வண்டி வந்து இட்டுகினு போவுது. அங்கயும் ட்ரெய்னிங்குதானாம். ஏதோ வேற ஸ்கீமுன்னுச்சு. அதே மஞ்ச கயிறு.” மீன் மேல் தண்ணீர் தெளித்துவிட்டுக் கேட்டார்: “நீ படிச்சவன், சொல்லு சார். இன்னும் எத்தினி வருசம்தான் கத்துக்கும் என் பொண்ணு?”

பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.

நான் எழுதிய புத்தகம் அரசாங்கக் கோப்பில் இருக்கிறது. நாளைக்கு யாராவது எங்கள் தொழிற்சாலையில் பயிலுநர்கள் எப்படிப் பயின்றார்கள் என்று ஆராய வந்தால் அதைத்தான் எடுத்துப் படிப்பார்கள். விடுமுறை நாட்களோடு ஒத்துப்பார்ப்பார்கள். எல்லாம் பொருந்தும். என் போன்ற ஒருவன் அதைப் பார்த்தால் இதுவல்லவோ ஆவணம் என்று கண்ணில் ஒற்றிக்கொள்வான்.

அவள் எழுதிய டைரி என் அலமாரியில் இருக்கிறது. ஏரி நோட்டுகளுக்குப் பக்கத்தில். அது வந்த நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

பயிற்சிக் காலம் முடிந்து அட்டையைத் திருப்பித் தர அவள் கடைசியாக ஒரு முறை டைம் ஆபீஸுக்கு வந்தாள். தேர்வு நடந்த வெள்ளிக்கு அடுத்த புதன், மாலை ஷிஃப்ட் மாறும் நேரம். மஞ்சள் கயிற்றைச் சுற்றி மேசைமேல் வைத்தாள். நான் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் அன்றைக்கு எழுத எதுவும் இருக்கவில்லை.

“ஏம்மா அப்படிச் சொன்னே?” என்றேன், தலையை நிமிர்த்தாமல். “தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே. என்னைச் சொல்லியிருக்கலாமே.”

“உங்களுக்கு ரிட்டயர் ஆக எட்டு மாசம் கீது சார்,” என்றாள். “தேதி எனக்கும் எண்ணத் தெரியும்.”

பிறகு பையிலிருந்து தன் பழைய டைரியை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தாள். வெள்ளிக்கிழமைத் தேதி. அதே நிமிர்ந்த எழுத்து.

“சாணை இயந்திரம். சக்கரத்தைக் காகித வட்டு இல்லாமல் மாட்டினேன். நிறுத்தினார்கள். டைரி நான் எழுதியது என்று சொன்னேன். கற்றது: சக்கரத்தின் இரு பக்கமும் காகித வட்டு வைக்க வேண்டும். பொய் சொல்ல.”

“வருசம் பூரா இந்தக் கட்டம் காலியாவே கீது சார். இந்த ஒரு வாரத்துக்காவது போட்டுக் குடுங்க.”

கோபமாகக் கேட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவள் அப்படிக் கேட்கவில்லை. தேதி சரியா என்று முதல் சனிக்கிழமை கேட்டாளே, அதே குரலில்தான் கேட்டாள்.

வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

“தேதி சார்,” என்றாள்.

தேதியும் போட்டேன். கற்பித்தவர் என்று அச்சிட்டிருந்த அந்தக் கட்டத்தில்.